விலை சொல்லாத பூக்கள்

(ஓவிய ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

'சேகர்ஸ்' என்று தலைவர் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நம்மூர் சேகர் அல்லர். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிளாண்டர்ஸ் பகுதியின் ஆண்ட்வெர்ப் நகரில் 1590இல் பிறந்த டேனியல் சேகர்ஸ். வாழ்நாளெல்லாம் பூக்களையே வரைந்தவர். துறவியான பிறகு தம் படங்களை விலைக்குக் கொடுக்காதவர். விற்காததாலேயே, பணம் எட்டிப் பார்க்க முடியாத இடங்களுக்கெல்லாம் அவருடைய பூக்கள் போய்ச் சேர்ந்தன. நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1566இல், சொரூப வணக்கத்தை எதிர்த்த சீர்திருத்தக் கிறித்தவர்கள் ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் புகுந்து சொரூபங்களை உடைத்தார்கள், படங்களைக் கிழித்தார்கள். 1585இல் ஸ்பெயின் படை நகரைப் பிடித்தது. கத்தோலிக்கராக மாறு, இல்லையேல் நான்கு ஆண்டுக்குள் வெளியேறு என்றது. ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டி வடக்கே போனார்கள். கணவரை இழந்த சேகர்ஸின் தாயும் பின்னாளில் சீர்திருத்தக் கிறித்தவர்களில் ஒரு பிரிவான கால்வின் வழிச் சபையில் சேர்ந்து, மகனை அழைத்துக்கொண்டு வடக்கே டச்சு நகரமான உத்ரெக்ட் போனார். பையன் அங்கே வளர்ந்து, ஆண்ட்வெர்ப்புக்குத் திரும்பி, யான் புரூகல் என்ற ஓவியரிடம் தொழில் கற்று, 1611இல் ஓவியர் சங்கத்தில் பதிவு பெற்றான். மீண்டும் கத்தோலிக்கன் ஆனான். 1614இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையில் சேர்ந்துவிட்டான். பாதிரியாராகப் பட்டம் பெறவில்லை. கடைசிவரை 'சகோதரர்' தான். படங்களில் கையெழுத்திடும்போதும் பெயரோடு இயேசு சபையின் பெயரையும் சேர்த்தே எழுதினார்.

பூமாலைக்கு நடுவே மாதாவை வைத்து வரையும் வழக்கம் அவருடைய ஆசிரியர் புரூகலின் காலத்தில் தொடங்கியது. மிலான் பேராயர் ஃபெடரிகோ பொரோமேயோவுக்காக 1608இல் புரூகல் மாலையை வரைய, ஹென்ட்ரிக் வான் பாலன் நடுவில் மாதாவை வரைந்தார். சொரூபங்களை உடைத்த ஊரில், உருவத்தைச் சுற்றிப் பூ வைத்து வணங்குவது ஒரு பதிலடிதான். யாரையும் கடிந்து பேசாத பதிலடி.

சேகர்ஸ் இதை எடுத்துக்கொண்டு மாற்றினார். பூத்தொடுக்கத் தெரிந்தவர்கள் கவனியுங்கள்: அவருடையது நாரில் வரிசையாகத் தொடுத்த மாலை அன்று. கல்லில் செதுக்கியது போன்ற ஒரு சட்டம். அதன் தலைப்பக்கத்தில் ஒரு கொத்து, இருபுறமும் கொத்துகள், அடியில் ஒன்று. கொத்துக்கும் கொத்துக்கும் இடையே ஐவிக் கொடி ஊர்கிறது. பின்னணி கிட்டத்தட்ட இருட்டு. ரோஜா வெளிச்சத்தை நோக்கி முன்னால் வருகிறது. ஓரத்துப் பூக்கள் பாதி நிழலிலேயே நின்றுவிடுகின்றன. ட்யூலிப் இதழில் சிவப்புக் கீற்று ஓடும். அந்தக் காலத்தில் செல்வந்தர்கள் சொத்தை விற்று வாங்கத் துடித்த அந்தக் கீற்று ஒரு வைரஸ் நோயின் விளைவு என்று இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. சேகர்ஸ் அதை ஒவ்வொரு இழையாக வரைந்திருக்கிறார்.

இனி 1645. ஆண்ட்வெர்ப்பை ஆண்ட ஸ்பெயினுக்கும் வடக்கிலிருந்த டச்சுக் குடியரசுக்கும் போர் இன்னும் முடியவில்லை. மூன்றாண்டு கழித்துத்தான் சமாதானம். டச்சுப் படைத்தலைவர் ஆரஞ்சு இளவரசர் ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக், கால்வின் வழியினர். அவருக்கு ஆண்ட்வெர்ப் இயேசு சபையார் அனுப்பிய பரிசு என்ன தெரியுமா? சேகர்ஸின் பூக்கள் சூழ்ந்த மாதா படம்! ஒன்றரை மீட்டர் உயரம். நடுவிலுள்ள மாதாவை தாமஸ் வில்லபோர்ட்ஸ் போஸ்கார்ட் கல் சொரூபமாக வரைந்தார். சொரூபம் என்றால் முகம் சுளிக்கிறவர் வீட்டுக்கு ஒரு சொரூபத்தையே அனுப்பும் துணிச்சலைப் பாருங்கள். வேறு ஓவியம் என்றால் வாசலோடு திரும்பியிருக்கும் என்பது என் கணிப்பு. பூக்கள் உள்ளே அழைத்துப் போய்விட்டன. இன்று அது ஹேக் நகரின் மொரிட்ஷௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆரஞ்சு அரண்மனையிலிருந்து சேகர்ஸுக்குப் பதில் பரிசாகப் பொன்னால் செய்த வண்ணத்தட்டும் தூரிகைகளும் வந்தன. ஏழையாகவே வாழ்வேன் என்று வார்த்தைப்பாடு எடுத்த மனிதர் பொன் தட்டில் எந்தச் சாயத்தைக் குழைப்பார்?

இது சமயப் பிரசாரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், பிரசாரம்தான். சபை அவருடைய படங்களை அரசர்களுக்கும் ஆயர்களுக்கும் கணக்குப் பார்த்தே கொடுத்தது. எவற்றை வரைந்தேன், அவை யாருக்குப் போயின என்று அவரே ஒரு பட்டியல் வைத்திருந்தார், 239 பதிவுகள். ஆனால் பிரசாரத்துக்காக இவ்வளவு பொறுமையாக ஒரு முள்ளை, ஒரு பட்டாம்பூச்சியை யாரும் வரையத் தேவையில்லை.

அக்கால ஓவிய உலகில் மனித உருவம் வரைபவருக்கே முதல் மரியாதை. பூ வரைபவர் கீழ்ப்படியில். 1661இல் இறந்த சேகர்ஸின் வாழ்நாளில், கொர்னேலிஸ் ஷூட், எராஸ்மஸ் குவெலினஸ் போன்ற உருவ ஓவியர்கள் அவர் விட்டுவைத்த நடு இடத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த உருவங்களை வரைந்தவர் யார் என்று தெரிய நாம் இன்று பெயர்ப்பலகையைக் குனிந்து படிக்க வேண்டியிருக்கிறது.

நன்றி.