கோட்டை ஆலயத்துக் கல்லறைகளை மிதிக்கலாமா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்துக்குப் போயிருந்தோம். முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள். மிதிக்காமல் நடக்க முடியவில்லை. அம்மா ரொம்பச் சங்கடப்பட்டார். செத்தவர்களை மிதிப்பது பாவம் இல்லையா?"

அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். முற்றத்தில் பதித்திருக்கும் அந்தப் பழைய கற்களுக்கு உரியவர்கள் அங்கே இல்லை. ஆலயத்துக்கு உள்ளே அடக்கமானவர்கள் உண்டு, சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோகூட அங்கேதான் இருக்கிறார். அது வேறு கணக்கு.

முற்றத்துக் கற்களில் ஒன்றில் 1652 என்று ஆண்டு இருக்கும். எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணியின் கல். ஆலயத்துக்கு அடிக்கல் போட்டதே 1678 மார்ச்சில், திறந்தது 1680 அக்டோபர் 28 அன்று. ஆலயம் வருவதற்கு இருபத்தெட்டு வருஷம் முன்னால் போனவரின் கல் அங்கே எப்படி வந்தது?

ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர் நீதிமன்றம், சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்தது. உயர உயரமான சமாதிகள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அவருடைய ஆட்களுக்கு அந்தச் சமாதிகள் நல்ல மறைவாகப் போய்விட்டன. பிப்ரவரியில் முற்றுகை விலகியது. இனி எவனும் இதன் பின்னால் ஒளியக் கூடாது என்று ஆங்கிலேயர் சமாதிகளை இடித்துக் கற்களை மட்டும் கொண்டுவந்து முற்றத்தில் பதித்துவிட்டார்கள். 1782இல் ஹைதர் அலியோடு சண்டை வந்தபோது அதே கற்களைப் பெயர்த்து, கோட்டை மதிலில் பீரங்கி நிறுத்தக்கூடப் பயன்படுத்தினார்கள். பாவம் என்று பார்த்தால் அவர்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்!

இடிபடாமல் தப்பியவற்றில் ஒன்று ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரின் கூர்நுனிச் சமாதி. இவர் 1680இல் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய மனைவி கேதரின் மறுமணம் செய்துகொண்டார். புது ஆலயத்தில் நடந்த முதல் கல்யாணம் அதுதான். மாப்பிள்ளை யார்? எலிஹு யேல். பின்னாளில் இங்கே கவர்னர் ஆனவர், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. இவர்களுக்குப் பிறந்த டேவிட் சிறு வயதிலேயே இறந்தபோது, தாயின் முதல் கணவர் சமாதியிலேயே அடக்கம் செய்தார்கள்.

சரி, பழைய நேயர்களுக்குத் தெரியும், எந்தக் கட்டடத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் கூரைக்கு வந்துவிடுவேன். இங்கே வராமல் இருக்கவே முடியாது. கீழே பார்த்து நடந்த நீங்கள் மேலே பார்த்தீர்களா? மாட்டுவண்டிக் கூண்டு மாதிரி வளைந்த மூன்று நீளக் கூரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இங்கிலாந்தின் பழைய ஆலயங்களில் பெரும்பாலும் மரச்சட்டம் வைத்துத்தான் கூரை போடுவார்கள். இங்கே அப்படிச் செய்தால், கடலில் இருந்து ஒரு குண்டு வந்து விழுந்தால் போதும், எல்லாம் எரிந்து போகும். அதனால் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து, சுமார் இரண்டு அடி கனத்தில் வளைவுக் கூரை கட்டினார்கள். வளைவின் பாரம் சுவரை வெளிப்பக்கம் தள்ளும் அல்லவா? அதைத் தாங்கத்தான் நாலடி கனத்தில் சுவர்.

கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முன்னின்று வேலையைத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி கஜானாவில் இருந்து பணம் வரவில்லை, இங்கே வேலை பார்த்தவர்கள் கையிலிருந்து போட்ட நன்கொடைதான். அந்தக் காசில் அலங்காரத்தைவிடக் குண்டு தாங்கும் கூரைதான் முக்கியம் என்று நினைத்திருக்கிறார்கள் பாருங்கள். கோபுரம்கூடப் பின்னால் சேர்ந்ததுதான். முற்றுகைக் காலங்களில் படைவீரர் தங்கவும் தானியம் சேர்த்து வைக்கவும் இந்த ஆலயம் பயன்பட்டதற்கு அந்தக் கூரைதான் காரணம். முற்றத்துக் கல்லைப் பற்றிக் கேட்டாலும் கூரையைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: பீரங்கி.

அடுத்த தடவை போனால், தலைமைச் செயலகமும் அங்கேயே இருப்பதால் வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டையை மறக்காதீர்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்து, கூரையில் ஒரு மரச்சட்டமாவது கண்ணில் படுகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.