பின்னம் சுருக்கும்போது எங்கே நிறுத்துவது?

வணக்கம். ஆறாம், ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு இருத்துங்கள், ஒரு பென்சிலும் பழைய கொப்பியும் போதும், வானொலியில் கரும்பலகை இல்லாதபடியால் நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் எழுதிப் பார்க்கவேண்டும்.

பின்னத்தைச் சுருக்கு என்றதும் நாங்கள் பிள்ளைகளிடம் சொல்வது, பொதுக் காரணிகளுட் பெரியதைக் கண்டுபிடித்து மேலேயும் கீழேயும் வகு என்பதுதான். முறை சரி. ஆனால் அந்தப் பெரியதைத் தேடுவதிலேயே பிள்ளை களைத்துப் போய்விடும். சின்ன எண்ணால் தொடங்கட்டுமே. வன்னியில் காணிக் கதை இல்லாத வீடு குறைவு, அதையே எடுப்போம்: ஒரு ஏக்கர் 160 பேர்ச், அதில் 60 பேர்ச் உங்களுடையது. 160 இல் 60. பத்தால் வகுத்தால் 16 இல் 6, பிறகு இரண்டால் வகுத்தால் 8 இல் 3, அதற்கு மேல் போகாது. பழையவர்கள் கணக்கில் காலும் அரைக்காலும். ஒரேயடியாக இருபதால் வகுத்த பிள்ளைக்கும் இதே விடைதான், ஆகவே இரண்டு படியில் வந்த பிள்ளைக்குப் புள்ளியைக் குறைக்கவேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: காணி குறைந்துவிட்டதா? 60 போய் 3 வந்துவிட்டதே என்று பார்த்து, ஓம் குறைந்துவிட்டது என்று சொல்லும் பிள்ளைகளும் இருப்பார்கள். வேலி நின்ற இடத்திலேதான் நிற்கிறது. முன்பு ஒரு பேர்ச் ஒரு துண்டு, இப்போது 20 பேர்ச் ஒரு துண்டு. துண்டு பெரிதானபடியால் எண்ணிக்கை குறைந்தது, அவ்வளவுதான். இதை ஒரு பெட்டி கீறிக் காட்டாமல் நேரே வகுத்தலுக்குப் பாய்கிற ரியூசன் வகுப்புகள் மேல் எனக்குக் கோபம்தான்.

அடுத்தது வெட்டுகிற பழக்கம். 50 இல் 20 க்குப் பூச்சியத்தை வெட்டலாம், அது பத்தால் வகுப்பது. அதைப் பார்த்துவிட்டு 405 இல் 305 க்கும் நடுப் பூச்சியத்தை வெட்டினால் 45 இல் 35 என்று வரும், அது பிழை. ஐந்தால் வகுத்து 81 இல் 61 என்று வரவேண்டும். ஒரு வேடிக்கை, 64 இல் 16 க்கு இரண்டு ஆறையும் வெட்டினால் 4 இல் 1, விடை சரியாகவே வந்துவிடும்! வழி முழுக்கப் பிழை. விடையை மட்டும் பார்த்துச் சரி போடுகிறவர்கள் கவனம்.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். 91 இல் 49. இரண்டு போகாது, மூன்று போகாது, ஐந்தும் போகாது. "முடிஞ்சுது சேர்" என்று கொப்பியை மூடிவிடுவார்கள். சீனாவின் பழைய கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்', கி.பி. 263 இல் லியூ ஹுய் உரை எழுதிய நூல், இதே பின்னத்தை எடுத்து வழி காட்டுகிறது. இரண்டும் இரட்டையென்றால் முதலில் பாதியாக்கு, இல்லையென்றால் பெரியதில் இருந்து சிறியதைக் கழி, கழித்துக்கொண்டே போ. 91 இல் 49 போக 42. 49 இல் 42 போக 7. 42 இல் இருந்து ஏழு ஏழாகக் கழித்தால் கடைசியில் இரண்டு பக்கமும் 7. அந்த ஏழால் வகுத்தால் 13 இல் 7. இரண்டு எண்ணையும் மீதியின்றி வகுக்கிற எண் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும், அதனால்தான் இது பிழைப்பதில்லை. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்கிளிட்டும் இந்த வழியைத்தான் எழுதினார். பலமுறை கழிப்பது அலுப்பென்றால் வகுத்து மீதியை எடுத்தாலும் சரி. கடைசியில் 1 தான் மிஞ்சுகிறதென்றால் பின்னம் ஏற்கெனவே எளிய வடிவில் இருக்கிறது, பிள்ளை தைரியமாகக் கொப்பியை மூடலாம்.

இன்றைக்கு 85 இல் 51 ஐக் கொடுத்துப் பாருங்கள். 17 உம் 17 உம் என்று வந்து நிற்கும், விடை 5 இல் 3.