தோப்பு இருந்தால் தொரட்டியும் உண்டு

நடுவர் ஐயா அவர்களே, காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எழுத்தில் இல்லாத அதிகாரம் சட்டமன்றங்களுக்கு உண்டா? இல்லை என்று எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். 1819-இல் நடந்த அமெரிக்க வழக்கைச் சொன்னார். அவர்கள் அரசமைப்பில் 'வங்கி' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் நாடாளுமன்றம் வங்கி தொடங்கலாம் என்றது அங்குள்ள உச்ச நீதிமன்றம். "இப்படியே விட்டால் மாநிலத்துக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார்.

தம்பி, அந்த ஊர்க் கணக்கு வேறு. அங்கே மத்திய அரசுக்கு எழுதிக் கொடுக்காதது மாநிலத்துக்கும் மக்களுக்கும். இங்கே தலைகீழ். எதற்கு யார் சட்டம் போடலாம் என்று மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறது நம் அரசமைப்பு. அதன் 248-ஆம் பிரிவுப்படி, எந்தப் பட்டியலிலும் இல்லாதது டெல்லிக்கு. மாநிலப் பட்டியலை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான் ஐயா!

இதோ, அந்தக் கம்பத்தில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கியைப் பாருங்கள். மாநிலப் பட்டியலில் அந்தச் சொல் கிடையாது. அஜ்மீர் அப்போது தனி மாநிலம். 1952-இல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வைத்துச் சட்டம் போட்டது. 'இது தகவல் தொடர்பு, மத்தியப் பட்டியலின் 31-ஆம் பதிவு, உனக்கென்ன வேலை?' என்று வழக்கு. கீழே சட்டம் தோற்றது. உச்ச நீதிமன்றம் 1958-இல் அதைக் காப்பாற்றியது. மாநிலப் பட்டியலின் 6-ஆம் பதிவு பொதுச் சுகாதாரம். காதைப் பிளக்கும் இரைச்சலை அடக்குவதும் அதற்குள் அடக்கம் என்றது. முன்வரிசையில் ஒரு அம்மா, மடியில் தூங்கும் குழந்தையின் காதை முந்தானையால் மூடியிருக்கிறார். அது சுகாதாரம் இல்லையென்றால் வேறு எது சுகாதாரம்?

சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடும்போது 'காய் பறித்துக்கொள்' என்பதுதான் பேச்சு. தொரட்டி, ஏணி, வண்டி என்று யாரும் தனித்தனியாகச் சொல்வதில்லை. அதற்காக மரத்தை வெட்டிக்கொண்டு போக முடியுமா? வேலியும் இருக்கிறது ஐயா. அதே 1958-இல், வரி போடும் அதிகாரம் இன்னொரு பதிவுக்குள் தானாக அடங்காது, தனியாக எழுதியிருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதாததையெல்லாம் அள்ளிக்கொள்ள நாங்கள் கேட்கவில்லை. கொடுத்த வேலையைச் செய்யத் தேவையானதைத்தான் கேட்கிறோம்.

நடுவர் ஐயா, தீர்ப்புச் சொல்லும் முன் அந்த முந்தானையை ஒருமுறை பாருங்கள்.