சீராக் நூல் யூதர்களின் வேதத்தில் ஏன் இல்லை?

அடுத்ததாக ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: "கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்று ஒரு நூல் இருக்கிறது. எழுதியவர் யூதர்தான் என்கிறார்கள். பிறகு ஏன் அது யூதர்களின் வேதத்தில் இல்லை? தப்பான உபதேசம் இருந்ததால் தள்ளிவிட்டார்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது காரணமாகத் தெரியவில்லை. யூத வேத போதகர்களான ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்முத் என்ற நூலில் இதைப் பற்றி ஒரு விவாதமே இருக்கிறது. ரபி யோசேப்பு இந்த நூலை வாசிக்கக் கூடாது என்கிறார். அபாயே என்ற ரபி விடவில்லை. எந்த வரியில் குற்றம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டுக் கேட்கிறார். மகளைப் பெற்ற தகப்பனுக்கு ராத்திரியில் தூக்கம் வராது என்று சீராக் எழுதியிருக்கிறாரே, அதுவா? நம் ரபிகளும் அதே மாதிரி பேசியிருக்கிறார்களே! கடைசியில் யோசேப்பே, இதில் உள்ள நல்ல வாக்கியங்களை எடுத்துப் போதிக்கலாம் என்று இறங்கிவருகிறார்.

அப்படியானால் என்ன தடை? காலம்தான். எஸ்றாவின் காலத்துக்குப் பிறகு தீர்க்கதரிசனம் நின்றுவிட்டது என்பது ரபிகளின் கணக்கு. சீராக் எழுதியது கி.மு. 180 வாக்கில், எருசலேமில். பிரசங்கி நூல் தாவீதின் குமாரன், அதாவது சாலொமோன், பேசுவதாகத் தொடங்குகிறது; அதனால் அதைப் பழைய நூலாக எடுத்துக்கொள்ள முடிந்தது. இவரோ 50-ஆம் அதிகாரத்தில் சொந்தப் பெயரையே எழுதிவைத்துவிட்டார். பேரன் இன்னும் ஒரு படி மேலே போய், தான் எகிப்துக்கு வந்து இதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த கதையை, ராஜாவின் ஆட்சியாண்டோடு முன்னுரையில் சொல்லிவிட்டார். அது கி.மு. 132. பழைய நூல் என்று யாரும் நினைக்க வழியே இல்லை. நேர்மையாக இருந்ததால் இடம் போயிற்று என்பது என் எண்ணம்.

ஆனால் பழங்காலத்தவர் ஒருவரின் பெயர் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள இன்னொரு நூலான ஞான ஆகமம் சாலொமோன் பேசுவதுபோலவே எழுதப்பட்டது. ஆனால் அது கிரேக்கத்தில் பிறந்த நூல். அதுவும் சேரவில்லை.

வேதத்தில் சேர்க்கவில்லை என்பதால் யூதர்கள் சீராக்கைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1964-இல் மசாதா கோட்டையில் தோண்டியபோது இதன் எபிரெயச் சுருள் ஒன்று துண்டுகளாகக் கிடைத்தது. ரோமர்களோடு போராடி அந்தக் கோட்டைக்குள் அடைபட்டவர்களிடம் இது இருந்திருக்கிறது! கெய்ரோவில் ஒரு ஜெப ஆலயத்தின் பழஞ்சுவடி அறையில் இடைக்காலப் பிரதிகளும் இருந்தன. 1896-இல் இரட்டைச் சகோதரிகள் இருவர் வாங்கிவந்த கிழிந்த தாள்களில் ஒன்றைப் பார்த்துத்தான், இது சீராக்கின் எபிரெய மூலம் என்று கேம்பிரிட்ஜில் இருந்த யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் கண்டுபிடித்தார். இன்று ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எபிரெயத்தில் கிடைக்கிறது.

வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் 38-ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். மருத்துவரை மதி, மருந்தைப் பூமியிலிருந்து படைத்தவர் கடவுள், புத்தியுள்ளவன் அதை வெறுக்க மாட்டான் என்கிறார். ஜெபம் போதும், மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு அவசியம் காட்டுங்கள். அதே அதிகாரத்தில் ஒரு குயவன் வருகிறான், காலால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, சூளையைச் சுத்தம் செய்யத் தூக்கம் விழித்துக்கொண்டு. கொல்லனின் காதில் சம்மட்டிச் சத்தம். 42-இல் பெண்களைப் பற்றி வருகிற வரிகள் மட்டும் கசக்கும். அதை நியாயப்படுத்த நான் முயலப்போவதில்லை. சரி, அடுத்த கேள்வி.