ஆள் பாதி, ஆடை பாதி

மாண்பமை துணைவேந்தர் அவர்களே, தலைமையேற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் புலவர் பெருமக்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, நூலகர் அவர்களே (கடைசியில் தங்களிடம்தான் வந்து நிற்கப்போகிறேன்), வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை நாடகமாகி, சினிமாவாகி வருவதை எப்படி ஆராய்வது? மூன்று சொல்வேன்: பிரதி, குரல், பதிப்புரிமை.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். கதைக்கும் அதுதான்.

1818-இல் மேரி ஷெல்லி என்ற ஆங்கில எழுத்தாளரின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் மூன்று தொகுதிகளாக, 500 படிகள், ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளிவந்தது. 1823 ஜூலையில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் எழுதிய நாடகமாக அது லண்டனில் மேடையேறியது. கணவரை இழந்த மேரி ஷெல்லி அடுத்த மாதம் இத்தாலியிலிருந்து திரும்புகிறார். வந்து பார்த்தால் நாடகம் சக்கைப்போடு போடுகிறது! ஆகஸ்ட் 29 அன்று தகப்பனாரோடு போய் உட்காருகிறார். கையில் நாடக நோட்டீஸ். மற்ற பாத்திரங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. கதாநாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உயிர்கொடுத்துப் படைத்த அந்தப் பிறவிக்கு மட்டும் வெறும் கோடு! கோட்டுக்கு எதிரே நடிகர் குக்கின் பெயர். பெயரில்லாததை இப்படிக் குறித்தது அம்மையாருக்குப் பிடித்துப்போய், நண்பருக்குக் கடிதமே எழுதினார். 108 ஆண்டு கழித்து வந்த 1931 ஹாலிவுட் படத்தின் தொடக்கத்தில், அந்தப் பிறவியாக நடித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி! (கைதட்டல்)

நாவலில் அந்தப் பிறவி ஆங்கிலக் கவி மில்டனைப் படிக்கும், பக்கம் பக்கமாக வாதாடும். படத்தில் உறுமும். உடனே சினிமாக்காரர் கெடுத்துவிட்டார் என்கிறோம். அதன் வாயை அடைத்தது 1823 மேடை ஐயா! நாவலில் இல்லாத ஃபிரிட்ஸ் என்ற வேலைக்காரனும் அங்கே பிறந்தவன்தான். ஆள் பாதி, ஆடை பாதி.

ஆய்வு மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். நாவலை ஒரு கையிலும் படத்தை மறுகையிலும் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள நாடகங்களைத் தாண்டிவிடுகிறார்கள். 1931 படம் பெக்கி வெப்லிங்கின் நாடகத்தை வைத்து எடுத்தது. நாயகன் விக்டர் அங்கே ஹென்றி ஆனது அப்படித்தான். முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். விக்டர் மணக்கும் எலிசபெத் அவனுக்கு அத்தை மகளாக இருந்தால் 1818. எடுத்து வளர்த்த பிள்ளையாக இருந்தால் 1831. பிறகு காட்சி காட்சியாகக் கட்டம் போடுங்கள்: யார் சொல்கிறார், யார் பேசுகிறார், எது புதிது, எது போயிற்று. புதிதாக வந்தது எந்த ஆண்டில் முதலில் தலைகாட்டியது என்று பின்னோக்கிப் போங்கள்.

அதற்கு நாடகப் பிரதி கையில் வேண்டுமே! பீக்கின் பிரதி எப்படித் தப்பியது? பிரிட்டனின் 1737 சட்டப்படி அன்று ஒவ்வொரு புது நாடகத்தையும் தணிக்கைக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அப்படித் தணிக்கைக்கு வந்த பிரதிகளின் கட்டு இன்று கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. கத்தரி வைத்திருந்தவர் காப்பாற்றிக் கொடுத்தார்!

நூலகர் அவர்களே, நாவலுக்கு எண் போடுகிறீர்கள். நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் நடிகர் கைப்பிரதியும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அமிலமில்லாத உறையில் தட்டையாக வையுங்கள், மடிக்காதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள். நாள், அரங்கு, நடிகர் மூன்றையும் பட்டியலில் ஏற்றுங்கள்.

குரலும் பதிப்புரிமையும் பாக்கி. தலைவர் மணியடித்துவிட்டார். நூலகர் அவர்களே, எப்போது தொடங்குகிறீர்கள்?