தகவு குலைந்து வாசலில் நிற்பது யார்? கிரிப்டிக் குறுக்கெழுத்தை உடைக்கும் வழி!

[திரையில்: தகவு குலைந்து வாசலில் நிற்கும் (3)]

வணக்கம் நண்பர்களே! இதைப் படித்ததும் கடன் கேட்டு வந்து தலைகுனிந்து நிற்கும் யாரோ ஒருவர் கண்முன் வருகிறாரா? வரட்டும், அப்படி வர வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் விடை மனிதரே இல்லை. அடைப்புக்குள் இருக்கும் 3 என்பது விடையில் எத்தனை எழுத்து என்ற கணக்கு. வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் நின்றபடியே யோசியுங்கள்.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1913இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஆர்தர் வின் முதல் குறுக்கெழுத்தைப் போட்டார், 1920களில் பிரிட்டிஷ்காரர்கள் அதை முறுக்கி, குறிப்பே ஒரு புதிராக இருக்கும் கிரிப்டிக் ஆக்கினார்கள், அதில் பெரிய கை ஒருவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் டொர்கெமாடா, அதாவது ஸ்பெயினில் ஆட்களை வதைத்த மதவிசாரணைத் தலைவரின் பெயர். வாசகர்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள்! சரி, அடுத்தது.

கிரிப்டிக் குறிப்பு என்றால் பெரும்பாலும் அதில் இரண்டு பகுதி இருக்கும். ஒரு முனையில் விடையின் பொருள், மீதியில் விடையைக் கட்டும் வழி. இரண்டையும் தையல் தெரியாமல் ஒட்டி, படிப்பவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவதுதான் குறிப்பு எழுதுபவரின் வேலை. நம் குறிப்பில் ‘வாசலில் நிற்கும்’ என்பது பொருள். ‘குலைந்து’ என்பது ஜாடை: பக்கத்தில் இருக்கும் ‘தகவு’ என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப்போடு என்கிறது. கலைத்தால்? கதவு! வாசலில்தானே நிற்கிறது?

இங்கே பள்ளிக்கூடத்தில் தூங்கிய இலக்கண வகுப்பு கைகொடுக்கிறது. மூன்று எழுத்தை ஆறு விதமாக அடுக்கலாம். ஆனால் ‘வு’ தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராது, அதனால் இரண்டு அடுக்கு உடனே காலி. மீதி நான்கில் ஒன்று குறிப்பிலேயே கொடுத்த தகவு. மூன்றே மூன்றுதான் பாக்கி.

அடுத்தது.

[திரையில்: சொந்தம் பிரிந்ததில் ஒளிந்திருக்கிறான் இளையவன் (3)]

சொத்துத் தகராறு எதுவும் இல்லை. ‘ஒளிந்திருக்கிறான்’ என்றால் விடை கண்ணெதிரே இருக்கிறது என்று அர்த்தம். சொந்‘தம் பி’ரிந்ததில். இளையவன், தம்பி. இந்த வகை ரொம்பச் சுலபம், இதற்குமேல் நின்றால் என்னைத் திட்டுவீர்கள்.

[திரையில்: பூச்சியோடு பாப்பா வயிறு, கிளம்பு பேராக் நகருக்கு (3)]

குழந்தைக்கு வயிற்றில் பூச்சி, டாக்டரைப் பார்க்க ஓடுகிறோம் என்று தோன்றும். பிரித்துப் பாருங்கள். பூச்சி என்றால் ‘ஈ’. ‘பாப்பா’ என்ற சொல்லின் வயிறு, அதாவது நடு எழுத்து, ‘ப்’. கிளம்பு என்றால் ‘போ’. ஈப்போ! மலேசியாவின் பேராக் மாநிலத்து நகரம். நகருக்கு என்பதில் ஒட்டியிருக்கும் ‘க்கு’வைக் கண்டுகொள்ளாதீர்கள். வேற்றுமை உருபுக்கு இந்த அளவு சலுகை தராவிட்டால் தமிழில் இந்த விளையாட்டே ஓடாது, இது என் கட்சி.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறோம். ஈப்போவைக் கட்டத்தில் இடமிருந்து வலமாக எழுதுங்கள். நடுக் கட்டத்தில் ‘ப்’. அந்தக் கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழாக இன்னொரு சொல் இறங்குகிறது, அதன் குறிப்பை நீங்கள் இன்னும் படிக்கவே இல்லை. ஆனாலும் எவ்வளவு தெரிந்துவிட்டது பாருங்கள். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது, எனவே அது மேலேயே தொடங்கியிருக்க வேண்டும். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது, எனவே அது கீழேயும் தொடர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தமிழ்ச்சொல்லுக்குள் க், ச், த், ப் நான்கும் தன் வரிசையைத் தவிர வேறு எழுத்தைத் தனக்கு அடுத்து விடாது! அப்பம், உப்பு, கப்பல், தொப்பை, எதை எடுத்தாலும் ‘ப்’புக்கு அடுத்து ‘ப’ வரிசைதான். ஆக, குறிப்பைத் தொடாமலேயே கீழ்க்கட்டத்தில் ப, பா, பி, பீ என்று பென்சிலால் ஆரம்பித்துவிடலாம். எந்த மெய்க்கு அடுத்து எது வரலாம் என்ற விதியை மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதெல்லாம் இதற்குத்தான் என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. பேராக் ‘க்’கில் முடிகிறது. பினாங்கின் பட்டர்வொர்த் ‘த்’தில் முடிகிறது. மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடைக்குப் போய் உட்கார்ந்தால் தே தாரிக் என்ற இழுத்து ஆற்றிய தேநீர், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, மேசை முழுக்க நன்னூல் விதியை மீறியவைதான்! இவற்றைக் கட்டத்துக்குள் விடலாமா என்று கேட்டால், தாராளமாக விடலாம் என்பேன். மலேசியத் தமிழர் ஆக்கும் குறுக்கெழுத்தில் ஈப்போவுக்கு இடம் உண்டு, பேராக்குக்கு இல்லை என்றால் என்ன நியாயம்? ஆனால் பிறமொழிச் சொல் என்று குறிப்பில் ஒரு வார்த்தை கோடி காட்டிவிடுங்கள், விடை தேடுபவர் பாவம். பினாங்கு நேயர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், வாருங்கள், கமெண்டில் பார்த்துக்கொள்வோம்.

லைக், சப்ஸ்கிரைப் எல்லாம் வழக்கம்போல. வீட்டுப்பாடம் இதோ.

[திரையில்: ஒன்பதைத் தாண்டினால் குன்று, ஏற 272 படி (5)]

விடையை எல்லாரும் சொல்லிவிடுவீர்கள், அது வேண்டாம். எது பொருள், எது கட்டும் வழி என்று பிரித்து எழுதுங்கள்.