ஐந்து ஆறு தாண்டி பூண்டிக்கு

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூரிலிருந்து பூண்டி மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பஸ்ஸிலோ காரிலோதான் போகிறார்கள். ஒரு மணி நேரத்தில் கோபுரம் கண்ணில் பட்டுவிடும். கால் நன்றாக இருப்பவர்கள் ஒருமுறையாவது சைக்கிளில் போய்ப் பாருங்கள் என்பேன். ஒரு பக்கம் 35 கிலோமீட்டர் அளவில் வரும். அவசரப்படாமல் மிதித்தாலும் ஒரு காலைப் பொழுது போதும்.

சிவகங்கைப் பூங்காவிலிருந்து கிளம்புவோம். பூங்கா இருப்பது பெரிய கோவிலை ஒட்டிய சிறிய கோட்டைக்குள். அதே கோட்டைக்குள் 1779-இல் எழுந்த சுவார்ட்ஸ் ஆலயம் இருக்கிறது. பெரிய கோவிலைப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு எளிமையான கட்டடம்தான். ஆனால் உள்ளே லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய ஒரு பளிங்குச் சிற்பம் உண்டு. அதற்காகவே போகலாம். ஜெர்மனியிலிருந்து வந்த சுவார்ட்ஸ் பாதிரியார் மரணப் படுக்கையில் கிடக்கிறார். தலைப்பாகையோடு மன்னர் இரண்டாம் சரபோஜி அவர் கையைப் பற்றியபடி நிற்கிறார். சிறு வயதில் தனக்குக் காவலாக இருந்து படிக்கவைத்தவர், 1798-இல் தஞ்சையிலேயே இறந்தபோது, மன்னர் தன் நன்றியைக் கல்லில் வைக்கச் சொன்னார். அந்த இரண்டு கைகளையும் கிட்டத்தில் நின்று பாருங்கள். ஆலயம் எந்நேரமும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது, விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

அப்புறம் திருவையாற்றுச் சாலை. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று கொஞ்ச தூரத்துக்கு ஒரு பாலம் வந்துகொண்டே இருக்கும். பஸ்ஸில் இருப்பவருக்கு இவை பெயர்ப் பலகைகளாகத்தான் கடந்துபோகும். சைக்கிள்காரருக்குத் தொடையில் தெரியும். வேறு ஊர்களில் ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் பள்ளத்தில் இறங்குவோம். இங்கே மேட்டில் ஏறுகிறோம். காவிரியும் அதன் கிளைகளும் நூற்றாண்டு நூற்றாண்டாக வண்டலைக் கொண்டுவந்து போட்டுப் போட்டுத் தங்கள் படுகையையும் கரையையும் உயர்த்திக்கொண்டன. வயல் தாழ்ந்து கிடக்கிறது. மதகைத் தூக்கினால் தண்ணீர் தானே வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் போய்விடுகிறதே, அதன் காரணமும் இதுதான். டெல்டா பாசனத்தின் முழுக் கணக்கையும் அந்தச் சின்ன ஏற்றத்தில் உடம்பே புரிந்துகொள்கிறது. எனக்கு இந்தப் பாதையில் மிகவும் பிடித்தது இதுதான்.

கண்டியூரில் மேற்கே திரும்ப வேண்டும். திருவையாறு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஐயாறப்பரைப் பார்க்க நினைப்பவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். கண்டியூரிலிருந்து நடுக்காவேரி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி வரை ஒரு புறம் காவிரி, மறுபுறம் குடமுருட்டி. நடுவில் வாழைக்கொல்லை, நெல்வயல், தென்னை, சின்னச் சின்ன ஊர்கள். சாலை அகலமில்லை. பஸ் வந்தால் ஓரம் கட்டி நின்றுவிடுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள், அதன் மேல் சக்கரத்தை விடாதீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் நாலு வார்த்தை பேசவும் ஆள் கிடைக்கும்.

சமவெளியில் மலை கிடையாது, அந்தக் குறையைக் காற்று தீர்த்துவைக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று முகத்தில் அறையும். அந்த மாதங்களில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். என்னைக் கேட்டால் மார்கழி, தைதான் சரியான காலம். சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கும், வெயிலும் தாங்கும்.

திருக்காட்டுப்பள்ளியில்தான் குடமுருட்டி காவிரியிலிருந்து பிரிகிறது. அங்கே காவிரியைத் தாண்டினால் பூண்டி பக்கம். வயல்களுக்கு மேலே முதலில் கோபுர நுனி தெரியும். ரொம்ப நேரம் அது கிட்டே வராதது போலவே இருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் காலத்தில் இங்கே ஆலயம் எழுந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. 1999-இல் இது பசிலிக்காவாக, அதாவது போப்பாண்டவர் தரும் சிறப்புத் தகுதி பெற்ற ஆலயமாக, உயர்த்தப்பட்டது. வெளியூரிலிருந்து வரும் கூட்டத்தோடு, சுற்று வட்டாரத்து விவசாயக் குடும்பங்களும் மதம் பார்க்காமல் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். இந்த ஆலயங்களை வெளிநாட்டார் விட்டுச்சென்ற கட்டடங்கள் என்று மட்டும் பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. கண்டியூர்ச் சிவன் கோவில் எந்தத் தண்ணீரை நம்பி நிற்கிறதோ, அதே தண்ணீரை நம்பித்தான் பூண்டியும் நிற்கிறது. ஒரே சாலையில் இரண்டையும் மிதித்துக் கடந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் ஏலாக்குறிச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவையாற்றிலிருந்து வடக்கே போய், கொள்ளிடத்தின் நீண்ட பாலத்தைக் கடந்து, திருமானூர் வழியாகப் போக வேண்டும். இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய ஊர் அது. அடைக்கல மாதா ஆலயம் அங்கே இருக்கிறது. திருக்காவலூர் என்றும் அழைக்கப்படும் இந்த ஊர் அன்னை மீதுதான் அவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். வெயில் ஏறுவதற்குள் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டிவிடுங்கள், நடுப்பாலத்தில் ஒதுங்க நிழல் கிடையாது.

பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர், தோளில் போட ஒரு துண்டு, இவ்வளவு போதும். பூசை நேரத்தில் போய்ச் சேர்ந்தால் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, வியர்வை அடங்கியதும் உள்ளே போங்கள்.

நன்றி, வணக்கம்.